ரெண்டு வருஷம் ஓடும்

டிராக்டர்காரருக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாது. கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று ஊர் சொல்லுமாம். ஊருக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்! தலை முழுக்க நரைத்துவிட்டது, ஏறி இறங்கும்போது முழங்கால் இரண்டும் கடகடவென்று சத்தம் போடுகிறது. அதெல்லாம் பரவாயில்லை, மூக்கின் மேல் ஒரு கண்ணாடி ஏறினால்தான் மனுஷன் கிழவராகிவிடுவார். அதனால் வீட்டுக்கு வருகிற ரசீது, மருந்துச் சீட்டு, நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்துச் சொல்வது அவர் மனைவியின் வேலை. தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

இந்த டீச்சர் ஒரு கோல்மால் செய்தாள். அது ஆறு வருஷம் பிடிபடாமல் ஓடியது.

டீச்சரின் அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வீட்டிலிருந்து டிராக்டரில் கால் மணி நேரம். மனைவி காலமான பிறகு தனி ஆள். பட்டறைக்குப் பின்னால் ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முந்தின நாள் டிரெய்லர் கொக்கி கழன்று விழுந்த கோபத்தில் டிராக்டர்காரர் வாயைத் திறந்தார். "மச்சான் வைக்கிற வெல்டிங்கும் எச்சி தொட்டு ஒட்டின ஸ்டாம்பும் ஒண்ணுதான்" என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னை என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சருக்கு இருவர் மேலும் கோபம். அவளும் வாசல்வரை ஓடி, "நீ வராத வரைக்கும் நானும் உன் பட்டறைப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன், போ!" என்று கத்திவிட்டாள். கத்தின மறுநிமிஷமே தப்பு என்று தெரிந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தில் சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்கிப் பழக்கம் கிடையாது.

மனுஷர்கள் பேசாமல் இருக்கலாம், ரொட்டவேட்டர் சும்மா இருக்குமா? டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற அந்தக் கருவியில் ஒரு நீளக் குழாய் சுற்றும், குழாயைச் சுற்றி வரிசையாகப் பிளேடுகள். அவைதான் மண்ணை வெட்டிப் பொடியாக்கும். கல்லும் மண்ணும் தின்று பிளேடு தேயும், போல்ட் ஓட்டை அகலும், தகடு கிழியும். அதைச் சரிபண்ணத் தெரிந்த கை அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். அதனால் ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. காலையில் டிராக்டர்காரர் ரொட்டவேட்டரைப் பட்டறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிடுவார். அண்ணன் டிராக்டர் சத்தம் ஓய்ந்த பிறகுதான் வெளியே வருவார். வேலை முடிந்தால் திரும்ப வாசலில் கிடக்கும். என்ன கோளாறு என்பதை மட்டும் பின்பக்கத்து அகலத் தகட்டில் சாக்பீஸால் எழுதிவிடுவது. பதிலும் அதே தகட்டில் பொடி எழுத்தில் வரும்.

எழுதுவது யார்? டீச்சர்தான். கண்ணாடி இல்லாத மகராஜன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள்.

"எழுது. நாலு பிளேடு தேஞ்சு போச்சு. போன தடவை வச்ச வெல்டிங் மூணு நாள் தாங்கல. இந்தத் தடவையாவது ஒழுங்கா வை. முடியலேன்னா சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

டீச்சர் எழுதினாள்: "மச்சானுக்கு வணக்கம். நாலு பிளேடு தேய்ந்துவிட்டது. நேரம் கிடைக்கும்போது தயவுசெய்து பார்க்கவும். வேளாவேளைக்குச் சாப்பிடவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்."

"நான் சொன்னது நாலு வரி. நீ என்ன இவ்ளோ நேரமா எழுதறே?"

"தகடு துருப்பிடிச்சிருக்குங்க. சாக்பீஸ் ஓட மாட்டேங்குது."

மறுநாள் தகட்டில் பதில் வந்தது: "ஓட்டத் தெரியாதவன் கையில எந்த இரும்பும் தாங்காது." டிராக்டர்காரர் கொல்லைப்புறத்தில் ரொட்டவேட்டரை இறக்கிவிட்டு, "என்னவாம் உங்க அண்ணனுக்கு?" என்றார். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்: "மாப்ள, வேலை முடிஞ்சுது. நீங்க ஓட்டுற வேகத்துக்கு இரும்பே தாக்குப்பிடிக்க முடியல." படித்த கையோடு ஈரத்துணியால் தகட்டைத் துடைத்தும் விட்டாள்.

டிராக்டர்காரர் மீசையைத் தடவினார். "பாத்தியா! நேர்ல சொல்ல வாய் வரல, எழுத்துல ஒத்துக்கறான்." அன்று சாயங்காலமே டீக்கடையில் அதை நான்கு பேரிடம் சொன்னார். ஆறு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சரின் கணக்கு என்னவென்றால், இப்படி இரண்டு பக்கமும் சர்க்கரை தடவிக்கொண்டே இருந்தால் ஒருநாள் இரண்டு பேருக்கும் மனசு இளகும், அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பார் என்பது. ஆறு வருஷத்தில் இரும்பு இளைத்ததே தவிர ஒருத்தரும் இளகவில்லை. அண்ணனைக் கடைத்தெருவில் தூரத்திலிருந்து இரண்டு மூன்று தடவை பார்த்ததோடு சரி. அவர் சாக்பீஸில் எழுதியது திட்டாகவே இருந்தாலும், அதைப் பார்த்தால்தான் அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று அவளுக்கு நிம்மதி வரும்.

இந்த வருஷம் ரொட்டவேட்டர் நிஜமாகவே படுத்துவிட்டது. ஓடும்போது ஒரு நடுக்கம், கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய்க் கசிவு, பிளேடு மாற்றினாலும் உழவு மேடும் பள்ளமுமாக வந்தது. வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களே முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் கடையில் கொடுத்த வண்ண நோட்டீஸை டிராக்டர்காரர் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார்.

"படி. புதுசு ஒண்ணு வாங்கிடலாம்னு பாக்கறேன்."

டீச்சர் படித்தாள். மூன்று வருஷத்துக்கு எந்தக் கோளாறு என்றாலும் கம்பெனி ஆட்களே வீடு தேடி வந்து பார்த்துக்கொள்வார்களாம். கம்பெனிக்காரன் வீட்டுக்கு வந்தால் பட்டறைக்கு எதற்குப் போவது? தகடு எதற்கு, சாக்பீஸ் எதற்கு? இருந்த ஒரு நூலும் அறுந்துபோகும். மூன்று வருஷம் கழித்து அண்ணன் எப்படி இருப்பாரோ, இருப்பாரோ மாட்டாரோ.

"எதுக்குங்க புதுசு? பழசையே சரிபண்ணிக்கலாமே."

"யாரு, நீயா இதைச் சொல்றே? போன மாசம் நல்லா இருந்த என் செருப்பைத் தேஞ்சுபோச்சுன்னு குப்பையில போட்டவ!"

"அதுல விரல் வெளிய தெரிஞ்சுது."

டிராக்டர்காரர் தாடையைச் சொறிந்துகொண்டார். "சரி, ஒண்ணு பண்ணலாம். உங்க அண்ணன்கிட்டயே கேப்போம். திமிர் பிடிச்ச ஆளுதான், ஆனா இரும்பு விஷயத்துல அவன் வாயில பொய் வராது. சரிபண்ணலாமா, தூக்கிப் போடலாமான்னு எழுது. அவன் சொல்றதுதான் முடிவு."

டீச்சர் இந்தத் தடவை சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தகடு முழுக்க நிறைத்து எழுதியிருந்தார் அண்ணன்: "குழாய் நடுவில் உள்ளுக்குள்ளே விரிசல். மேலே வெல்டிங் வைத்தால் மறைக்கத்தான் முடியும், தாங்காது. இதில் இனி கை வைக்க மாட்டேன். புதுசு வாங்கு. இதை மண்ணில் இறக்காதே."

அவள் அதை மூன்று தடவை மனசுக்குள் படித்தாள். பின்னால் புருஷன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன சொல்றான்?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். சத்தியமாக. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"சின்னச் சின்ன வேலைதான், பாத்துட்டேன்னு எழுதியிருக்கார். இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமாம்."

"அவன் சொன்னா சரி" என்று டிராக்டர்காரர் உள்ளே போய்விட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. சந்தேகப்பட்டு நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட அவள் உளறிக் கொட்டியிருப்பாள். ஈரத்துணியை எடுத்து ஓர் எழுத்து மிச்சமில்லாமல் துடைத்தாள். ரெண்டு நாள் போகட்டும், நல்ல சமயம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ரெண்டு நாள் போகவில்லை. மறுநாள் காலையிலேயே ஓய்வுபெற்ற தபால்காரர் தன் நிலத்தை உழக் கூப்பிட்டுவிட்டார். டிராக்டர்காரர் ஓட்டும்போது பின்னால் திரும்பிப் பார்க்கிற வழக்கமே இல்லாதவர். பாதி நிலத்தில் குழாய் டமார் என்று இரண்டாக முறிந்தது. ஒரு பாதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. இவர் மீதிப் பாதியை இழுத்துக்கொண்டு, கம்பீரமாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வரப்புவரை போய்த் திரும்பினார். தபால்காரர் பின்னாலேயே குடையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். இவர் அதை ஏதோ பாராட்டு என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டியிருக்கிறார்.

சிரிப்பு அதோடு முடிந்தது. முறிந்த வேகத்தில் பிளேடு ஒன்று பறந்து, வரப்பில் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பிளந்துகொண்டு போய் மண்ணில் குத்தி நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்புதான் தபால்காரர் அந்தக் குடத்தருகே குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு நகர்ந்திருக்கிறார்.

டிராக்டர்காரர் வீட்டு வாசலில் வந்து பிரேக் போட்டபோது முகம் வெளுத்துப் போயிருந்தது. "ரெண்டு வருஷம் ஓடும்னான் உங்க அண்ணன்! ரெண்டு மணி நேரம் ஓடல! ஒரு மனுஷன் தலை தப்பிச்சிருக்கு. இன்னிக்கு அவனா நானான்னு பாத்துடறேன்."

டீச்சர் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நீ எங்க வரே?" என்றார். பட்டறைப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்ற சபதமெல்லாம் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. வழி நெடுக அந்தக் குடம்தான் கண்ணுக்குள் நின்றது.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக டிராக்டர்காரர் பட்டறை வாசலில் வண்டியை விட்டு இறங்கினார். முறிந்த துண்டைத் தூக்கி உள்ளே எறிந்தார். அது சிமெண்ட் தரையில் உருண்டு போய் வெல்டிங் மேஜைக் காலில் முட்டி நின்றது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அண்ணன் நிமிர்ந்தார். ரொம்ப இளைத்திருந்தார். சட்டை முழுக்கத் தீப்பொறி தின்ற ஓட்டைகள், மேல் பொத்தான் இல்லை.

"யோவ் மச்சான்! இதுதான் ரெண்டு வருஷம் ஓடுமா? பெரிய இரும்பு டாக்டராட்டம் எழுதி அனுப்பினியே, ரெண்டு வருஷம் ஓடும்னு! ஒரு ஆளு செத்திருப்பான்யா!"

அண்ணன் குழாய்த் துண்டைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மட்கார்டில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கச்சியைப் பார்த்தார். அவள் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

"யாருக்காவது அடிபட்டுச்சா?" என்று கேட்டார்.

"படல. படலங்கறதுக்காக விட்டுடுவேனா? எழுதினியா இல்லையா?"

"எழுதினேன்" என்றார் அண்ணன். "என் கணக்கு தப்பிடுச்சு மாப்ள. சரியா பாக்கல. என் தப்புதான்."

டிராக்டர்காரர் வழி முழுக்கச் சேர்த்துவைத்த சண்டைக்கு இப்போது வேலையே இல்லை. இந்த ஆள் தப்பை ஒத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கு அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. "இனிமே எவன் உன்கிட்ட வேலை குடுப்பான்? ஊர் முழுக்கச் சொல்றேன் பாரு, விரிசல் எது, வெடிப்பு எதுன்னு தெரியாதவன்னு!"

"சொல்லிக்கோ" என்றார் அண்ணன். குனிந்து கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

எச்சில் தொட்டு ஒட்டின ஸ்டாம்பு என்ற ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட மனுஷன்! டீச்சருக்குப் பொறுக்கவில்லை. மட்கார்டிலிருந்து குதித்தாள்.

"அவர் எழுதலீங்க! கை வைக்க மாட்டேன், புதுசு வாங்கு, மண்ணுல இறக்காதேன்னுதான் எழுதியிருந்தார். நான்தான் மாத்திப் படிச்சேன். நான்தான்!"

டிராக்டர்காரர் அவளை வெறித்துப் பார்த்தார்.

"ஏன்?"

"புதுசு வாங்கினா கம்பெனிக்காரன் வீட்டுக்கு வருவான். அப்புறம் இங்க எதுக்கு வரப்போறீங்க? எனக்கு எங்க அண்ணன் வேணும். அவ்ளோதான்." அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மீதியையும் கொட்டினாள். வணக்கம், தயவுசெய்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், எல்லாவற்றையும்.

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன்.

"என்னண்ணே தெரியும்?"

"மொத தடவையே தெரியும். இவன் வாயில தயவுசெய்துன்னு ஒரு வார்த்தை வருமா? நீ எழுதினதுன்னு தெரிஞ்சுதான் படிச்சேன். வேளாவேளைக்குச் சாப்பிடுன்னு வேற யாரு எனக்கு எழுதறா?" குரல் கொஞ்சம் தடுமாறியது. உடனே கடுமையாக்கிக்கொண்டார். "நான் திட்டி எழுதறதை நீ மாத்திப் படிப்பேன்னும் தெரியும். படிச்சுக்கோன்னு விட்டேன். ஆனா இதை மாத்தலாமா பாப்பா? ஆள் போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

டிராக்டர்காரரின் நினைப்பு இன்னும் வேறெங்கோ இருந்தது. விரலை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்போ, நான் ஓட்டுற வேகத்துக்கு இரும்பே தாக்குப்பிடிக்கலன்னு எழுதினது?"

"நானா?" என்றார் அண்ணன். "ஓட்டத் தெரியாதவன் கையில எந்த இரும்பும் தாங்காதுன்னு எழுதினேன்."

"அடிப்பாவி! டீக்கடையில ஆறு வருஷமா சொல்லிட்டு இருக்கேனேடி!"

அண்ணன் வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பார்க்க இருமுகிற மாதிரி இருந்தது, ஆனால் இருமல் இல்லை.

டிராக்டர்காரர் கோபத்தோடு குழாய்த் துண்டை உதைத்தார், கால்தான் வலித்தது. "சரிய்யா. இப்போ இதுக்கு என்னதான் வழின்னு கேட்டுச் சொல்லு" என்று மனைவியிடம் சொன்னார்.

"செத்துப்போச்சு, எடைக்குப் போடச் சொல்லு பாப்பா" என்றார் அண்ணன்.

"புதுசு எடுத்தா எத்தனை அடி அகலம் எடுக்கறதுன்னு கேளு."

"அவன் டிராக்டர் இழுக்கிற சக்திக்கு அஞ்சடிக்கு மேல தாங்காதுன்னு சொல்லு."

இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்தாள். பயம், வெட்கம் எல்லாம் போய்ச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது.

"எழுதவும் மாட்டேன், படிக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன். ரெண்டு பேருக்கும் கடவுள் வாய் குடுத்திருக்கார்ல? பேசுங்க, இல்லேன்னா அடிச்சுக்கிட்டுச் சாவுங்க. நான் மொதல்ல போய் அந்தத் தபால்காரர் கால்ல விழணும்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தே போய்விட்டாள்.

தபால்காரர் நல்ல மனுஷன். விழவிடவில்லை. ஆனால் குடத்தைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை. அன்று ராத்திரி புருஷன் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போனார். எங்கே என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. சோறு வடித்து வைத்துவிட்டு, யாருக்காக வடித்தோம் என்று தெரியாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் தாண்டித் தெருமுனையில் சத்தம் கேட்டது. டிராக்டர் சத்தம் அப்புறம்தான். முதலில் கேட்டது சண்டை.

"அஞ்சடி போதும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்!"

"வாங்கினது அஞ்சடிதானே? அப்புறம் என்னய்யா?"

"கடைக்காரன் முன்னாடி ஆறடி கேட்டு மானத்தை வாங்கினே பாரு!"

"யாரு மானம்? ஒவ்வொரு போல்ட்டா தட்டிப் பாத்து, கடைக்காரனை அழவச்சது யாரு? கம்பெனி வெல்டிங் சரியில்லைன்னு கம்பெனிக்காரன்கிட்டயே சொல்றே!"

"சரியில்லைதான்! ஓரத்துல ஒரு இடம் விட்டிருக்கான். நாளைக்கு நான் வெல்டிங்ல ஒரு கோடு இழுத்தாத்தான் அதை மண்ணுல இறக்கணும்."

"புது மெஷின்ல நீ கை வச்சா கேரண்டி போயிடும்யா!"

"கேரண்டி என்னய்யா கேரண்டி, நான் இருக்கேன்ல?"

டீச்சர் சமையலறைக் கதவோரம் வந்து நின்றாள். சிவப்பு நிறத்தில் புத்தம் புது ரொட்டவேட்டர் வாசலில் நின்றது. அதை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு பேரும் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டே வாசல் ஏறினார்கள், படி தாண்டினார்கள், கூடத்துக்கு வந்தார்கள். அண்ணன் எங்கே நடக்கிறோம் என்று ஒரு தடவையும் கீழே பார்க்கவில்லை. பேச்சில் கடைக்காரனின் தம்பிவரைக்கும் போய்விட்டிருந்தார். சுவரோரம் தன் பழைய இடத்தில் கால் மடக்கி உட்கார்ந்த பிறகும் வாய் ஓயவில்லை.

அவள் மூச்சுகூட விடவில்லை. வா என்றால் சபதம் ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவாரோ என்று பயம்.

"என்ன பாப்பா மரமாட்டம் நிக்கிறே?" என்றார் அண்ணன் திரும்பி. "காலையிலேருந்து இந்த ஆளோட கத்திக் கத்திக் குடல் காயுது. தட்டைப் போடு."

அவள் உள்ளே ஓடினாள். இரண்டு தட்டு எடுத்தாள், அவசரத்தில் ஒன்று கீழே விழுந்தது. சோற்றுப் பானையைத் திறந்துவைத்துக்கொண்டு, சத்தம் வராமல் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் பரிமாறினாள்.

இரண்டு பேரும் ஒரு வாய் வைத்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"உப்பே இல்லையே" என்றார் புருஷன்.

"கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே இப்படித்தான் மாப்ள" என்றார் அண்ணன். "சொன்னா கோவம் வரும். நீ எப்படித்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டியோ."